ஆறு கொண்ட ஆசான்

ஆற்றங்கரையில் பிறந்தவர்க்கு ஆறு நெருங்கிய உறவு. அணைக்கரையில் பிறந்தவர்க்கோ அஃது உறவாகவும் அச்சமாகவும் ஒருங்கே அமைந்துவிடுகிறது. நாம் பிறந்து வளர்ந்தது மணிமுத்தாற்றில். பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற 118 அடி அணையின் நிழலில் நம் வாப்பா ஒரு சிறு பெட்டிக்கடை வைத்திருந்தார். உம்மா பிறந்த ஊர் பத்தமடை. கோரையைக் கீறி, ஆற்றுநீரில் ஊறவைத்து, பட்டுப்போல் பாய் நெய்யும் குடும்பம் அவர்களுடையது. பாயாகட்டும், சோறாகட்டும், எல்லாம் ஆற்றின் கொடையே என்று உம்மா அடிக்கடி கூறுவார்கள். அதே உம்மா, 1992 நவம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்து ஓடியபோது, நம்மைக் கையைப் பிடித்து வீட்டினுள் இழுத்துக் கதவைத் தாழிட்டதும் நினைவில் இருக்கிறது. அப்போது நமக்குப் பதினொரு வயது.

அந்நாளில் நமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமைகளில் அவர் மாணவர்களை அணைக்கரை வழியே நடத்திச் செல்வார். எந்த மரம் மருது, எந்தப் பறவை நீர்க்காகம், எந்தக் காற்று தென்மேற்கிலிருந்து வருவது என்றெல்லாம் நடந்துகொண்டே கற்பிப்பார். "ஏலே, தண்ணியைக் கண்டு பயப்படாதே, பாறையில் இருக்கிற பாசியைக் கண்டு பயப்படு" என்பது அவர் ஓயாது கூறிய அறிவுரை. ஒருநாள் பொதிகை மலையை நோக்கிக் கையை நீட்டி, "அதோ அந்தப் பாபநாசத்து மலையில்தான் நம் தமிழுக்குப் பெரிய இழப்பு நேர்ந்தது. ஒரு வாத்தியார் தம் மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் போய்விட்டார்" என்றார். அந்த வாத்தியார் யார் என்று நாம் கேட்டோம். வ.வே.சு. ஐயர் என்றார். அப்பெயர் அன்று முதல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881 ஏப்ரல் 2 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தவர். வழக்கறிஞர் தொழிலில் இறங்கி, இரங்கூன் சென்று, 1907 இல் பாரிஸ்டர் படிப்பிற்காக இலண்டன் அடைந்தார். படிக்கச் சென்றவரை நாட்டு விடுதலை ஈர்த்துக்கொண்டது. சாவர்க்கர் முதலியோர் கூடிய இந்தியா விடுதியில் அவரும் ஒருவரானார். ஆங்கில அரசின் பிடி இறுகியபோது மாறுவேடம் பூண்டு தப்பினார். 1910 ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அவர் வந்திறங்கியது ஒரு முஸ்லிமின் கோலத்தில் என்பர். அச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு புன்முறுவல் தோன்றும். நம் உடுப்பு ஒரு தமிழறிஞருக்குக் காப்பாக அமைந்ததே என்னும் சிறு பெருமிதமே அதற்குக் காரணம்.

புதுச்சேரியில் பாரதியார், அரவிந்தர் ஆகியோருடன் பத்தாண்டுக் காலம் அவர் வாழ்ந்தார். ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்தப்படலாம் என்ற நிலை வந்தபோது, தாம் போவதற்குள் தமிழுக்கு எதையேனும் விட்டுச் செல்லவேண்டும் என்று கருதித் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1916 இல் நூலாயிற்று. 1921 இல் சிறைப்பட்டபோது அங்கிருந்தபடியே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூலை எழுதினார். துன்பம் வரும்போதெல்லாம் தமிழைக் கையிலெடுத்தவர் அவர். நீச்சல், மற்போர், குதிரையேற்றம், துப்பாக்கிப் பயிற்சி என உடலை உரமாக்கும் கலைகளிலும் அவர் தேர்ந்தவர். ஏட்டறிவும் உடல் வன்மையும் ஒருவரிடத்தே சேர்ந்திருப்பது நம் புலவர் மரபில் அரிது என்பதை ஈண்டுச் சுட்டவேண்டும்.

அத்தகையவர் தம் வாழ்வின் நிறைவுப் பணியாகத் தேர்ந்தது ஆசிரியப் பணியே. 1922 இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கிய அவர், பின்னர் அதனைச் சேரன்மாதேவிக்கு மாற்றினார். பரத்துவாச ஆசிரமம் என்றும் அது வழங்கப்பெற்றது. தாய்மொழியில் கல்வி, இலக்கியம், அறிவியல், கைத்தொழில், உடற்பயிற்சி ஆகியவை அங்கே ஒன்றாய் அமைந்தன. 'பாலபாரதி' என்னும் இதழையும் அங்கிருந்தே நடத்தினார். தாகூர் 1901 இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் பள்ளி தொடங்கினார். இங்கிலாந்தில் பேடன் பவல் 1907 இல் சிறுவர்களைத் திறந்தவெளி முகாமுக்கு அழைத்துச் சென்றார். உலகெங்கும் கல்வியைச் சுவருக்கு வெளியே கொண்டுவர முயன்ற காலம் அது. அம்முயற்சிக்குத் தமிழ்நாட்டில் தாமிரபரணிக் கரையே களமாயிற்று என்பது நெல்லைச் சீமைக்குப் பெருமை.

நாம் உம்மாவின் ஊருக்குச் செல்லும் பேருந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மாதேவி வழியேதான் பத்தமடையை அடையும். குருகுலம் தொடங்கிய ஊரும், வளர்ந்த ஊரும், நம் பாட்டி பாய் நெய்த ஊரும் ஒரே பயணச் சீட்டுக்குள் அடங்கியிருந்தன. சேரன்மாதேவியில் பேருந்து நிற்கும்போதெல்லாம் எந்தப் பக்கம் இருந்தது அந்தக் குருகுலம் என்று சன்னல் வழியே தேடிப் பார்ப்போம்.

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அக்குருகுலத்தின் பெயரைக் கேட்டதும் தமிழ் மக்களின் நினைவுக்கு வருவது அதன் கல்வி முறையன்று, அதன் பந்தியே. இரு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவு அளிக்கப்பெற்றது என்ற செய்தி வெளிவந்ததும் நாடு கொந்தளித்தது. தமிழ்நாடு காங்கிரசு குருகுலத்திற்குப் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஏற்று ஐயாயிரம் ரூபாய் கொடுத்திருந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் பிறப்பை வைத்துப் பந்தி பிரிப்பதா என்று டாக்டர் வரதராசுலு நாயுடுவும், தந்தை பெரியாரும் கேட்டனர். சிக்கல் காந்தியடிகள் வரை சென்றது. 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரசுக் குழு, தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் எந்நிறுவனத்திலும் பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்தல் ஆகாது என்ற கருத்தமைந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு நவம்பரில் பெரியார் காங்கிரசைவிட்டே வெளியேறினார். தமிழக வரலாற்றின் திசையைத் திருப்பிய நிகழ்வுகளுள் சேரன்மாதேவிப் பந்தியும் ஒன்று.

ஐயர் தம்மளவில் சாதி பாராதவர் என்று அவருடன் பழகியவர் எழுதியுள்ளனர். பெற்றோருக்குக் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டே தனிப்பந்தியை அவர் விட்டுவைத்தார் என்றும் கூறுவர். அவை மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் தனியே அமர்த்தப்பட்டவர் இருவர் என்றால், அவர்களோடு அமரத் தகாதவர் என்று சொல்லாமற் சொல்லப்பட்டவர் மற்றனைவருமே அல்லரோ? அச்சிறுவர்களுக்கு அந்த வாக்குறுதியின் நுணுக்கம் தெரிந்திருக்காது. இலை போட்ட இடம் மட்டுமே தெரிந்திருக்கும். ஒரே தட்டைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்ணும் வழக்கத்தை விருந்துகளில் கண்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் செரிக்கவில்லை. எனவே ஐயரைப் போற்றும் கட்டுரைகளில் இப்பகுதி விடுபட்டிருக்கக் கண்டால் வருந்துவோம். இப்பகுதியை மட்டுமே கூறி மற்றனைத்தையும் விட்டுவிடும் கட்டுரைகளைக் கண்டாலும் வருந்துவோம்.

அந்தக் கொந்தளிப்பு அடங்குமுன்னரே முடிவு வந்தது. 1925 ஜூன் மாதத் தொடக்கம். குருகுல மாணவர்களுடன் ஐயர் பாபநாச மலைக்குச் சென்றிருந்தார். உடன் அவர் மகள் சுபத்திரையும் சென்றிருந்தார். அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் என்னும் இடம். பாறைகளுக்கிடையே நீர் ஒடுங்கி, இறங்கி, அருவியாக விழும் இடம் அது. ஓடையைத் தாண்ட முயன்ற மகள் தவறி நீரில் விழுந்தார். தந்தை உடனே குதித்தார். இருவரும் மீளவில்லை. ஐயருக்கு அப்போது அகவை நாற்பத்து நான்கு.

நாம் நம் எம்.ஃபில். பட்டத்திற்குத் தொடக்ககாலத் தமிழ்ச் சிறுகதைகளை ஆய்ந்தோம். தமிழின் முதற் சிறுகதை எனப் பலராலும் கருதப்பெறும் ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' அதில் ஓர் இயலாயிற்று. 1915 இல் வெளிவந்த அக்கதையில் மரம் பேசுகிறது. ருக்மிணி என்னும் பெண் குளத்தில் விழுந்து உயிர்விடுவதை அம்மரம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உத்தி, நடை, பாத்திரப் படைப்பு என்று பக்கம் பக்கமாக எழுதிய நாம், அக்கதையை எழுதியவர் பத்தாண்டுகளுக்குப் பின்னர்த் தாமும் தம் மகளும் நீரில் மறைந்ததற்கு ஒரே வரியைத்தான் ஒதுக்கினோம். ஆய்வேடு என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அன்று எண்ணினோம்.

அண்மையில் நம் மகள் அவ்வேட்டைப் புரட்டிப் பார்த்து, அந்த ஒரு வரியில் நின்றாள். "வாப்பா, இவருக்கு நீச்சல் தெரியாதா?" என்று கேட்டாள். "நன்றாகத் தெரியும்" என்றோம். "அப்புறம் ஏன்?" என்றாள். நமக்கு விடை எளிதில் வரவில்லை. அருவியின் தலைமாட்டில் நீச்சல் உதவாது, நீரின் இழுப்பே மேலோங்கும் என்று ஒருவாறு விளக்கினோம். அது அவருக்கும் தெரிந்தேயிருக்கும் என்பதையும், தெரிந்தும் குதித்தார் என்பதையும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது தானே புரிந்துவிட்டது என்பதை அவள் முகம் காட்டிற்று. நமக்கும் இவ்வாண்டு நாற்பத்து நான்கு அகவை என்பது அன்றிரவுதான் உறைத்தது.

இனி நம் கதைக்கு வருவோம். பதினோராண்டுகளுக்கு முன்னர் நம் துறை மாணவர் முப்பத்தெட்டுப் பேரை மணிமுத்தாற்று அருவிக்கு அழைத்துச் சென்றோம். நாம் பிறந்த மண்ணைக் காட்டப்போகிறோம் என்ற உவகை நமக்கு. முற்பகலில் அணையைப் பார்த்தோம். நண்பகலில் பூங்கா மரநிழலில் உணவு. பிற்பகலில் அருவி. அங்கே ஒரு மாணவர் பாசியில் கால் வழுக்கிச் சரிந்தார். அருகிலிருந்தவர் சட்டையைப் பற்றி இழுத்ததனால் உயிர் பிழைத்தார். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஆனால் நம் கைகள் மாலை வரை நடுங்கிக்கொண்டிருந்தன. அருவியின் அடியிலுள்ள தடாகம் எத்துணை ஆழமானது என்பது அவ்வூர்ப் பிள்ளையாகிய நமக்குத் தெரியும். அந்த மாணவரின் தாய்க்கு நாம் என்ன விடை கூறியிருப்போம் என்ற கேள்வி பல இரவுகள் நம்மை எழுப்பியது.

அதன்பின் துறையில் யார் சுற்றுலா என்று சொன்னாலும் நாம் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். தேர்வு நெருங்குகிறது என்றோம். மழை என்றோம். வெயில் என்றோம். பதினோராண்டுகள் இவ்வாறே கழிந்தன. ஐந்திணையை நாம் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கினோம். குறிஞ்சியும் மருதமும் சன்னலுக்கு வெளியே பேருந்துத் தொலைவில் இருந்தன.

இவ்வாண்டு மாணவர்கள் மீண்டும் கேட்டனர். ஐயர் மறைந்து நூறாண்டு நிறைந்ததை ஒட்டிக் கல்யாண தீர்த்தம் செல்லவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். வழக்கம்போல் மறுக்கவே நினைத்தோம். அதற்கான காரணத்தைத் தேடிக்கொண்டே, சேரன்மாதேவிச் செய்திகளை மீண்டும் ஒருமுறை படித்தோம். பந்தியைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது, பதினோராண்டுகளாக நாம் ஒருமுறையேனும் எண்ணிப் பாராத ஒரு காட்சி கண்முன் வந்தது.

அந்த நண்பகல் உணவின்போது ஒரு மாணவர் தம் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பூங்காவின் மறுபுறம் சென்று தனியே அமர்ந்து உண்டார். நாம் அதைக் கண்டோம். கூச்ச சுபாவம் போலும் என்று கருதி விட்டுவிட்டோம். சில நாள் கழித்து உண்மை தெரிந்தது. பேருந்தில் வரும்போது சிலர் அவருடைய தெருவின் பெயரைச் சொல்லி ஏளனமாக ஏதோ பேசியிருக்கின்றனர். அதனால்தான் அவர் விலகிச் சென்றார். அதை அறிந்தபோதும், அருவியில் நிகழவிருந்த பெருந்துன்பத்தின் முன்னே இது சிறிதாகப் பட்டது, மறந்துபோனோம். பதினோராண்டுகள் நாம் தண்ணீருக்கு அஞ்சினோம். தண்ணீர் அன்று எவரையும் கொள்ளவில்லை. நம் கண்முன் நிகழ்ந்த தீங்கு பந்தியில் நிகழ்ந்தது. ஐயரின் குருகுலப் பந்தியைக் குறைகூற நமக்கு என்ன தகுதி என்ற எண்ணம் எழுந்தது. அவராவது கொடுத்த வாக்கு என்று ஒரு காரணம் வைத்திருந்தார். நம்மிடம் அதுவும் இல்லை.

அம்மாணவரின் எண்ணைத் தேடிப் பேசினோம். இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். நலம் கேட்டபின், அந்நாளைப் பற்றிச் சொல்லி, அன்று எழுந்து வந்து உங்களருகே அமராதது நம் பிழை என்று சொன்னோம். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்னர், "ஐயா, எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் பார்த்தீர்கள் என்பதும் தெரியும். யாராவது வருவார்களா என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே நமக்குப் பொறுக்க அரிதாயிருந்தது. பேச்சை முடிக்கும்போது, "இப்போது என் வகுப்புப் பிள்ளைகளோடுதான் மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் ஐயா" என்றார்.

கடந்த பிப்ரவரியில் நாற்பத்தொரு மாணவருடன் பாபநாசம் சென்றோம். புறப்படுமுன் இரண்டு விதிகளைச் சொன்னோம். முதலாவது, கல்யாண தீர்த்தத்தில் எவரும் நீரில் கால் வைத்தல் ஆகாது. பாசி படர்ந்த பாறையில் ஏறுதலும் ஆகாது. இரண்டாவது, எவர் எதை உண்பினும் எல்லோரும் ஒரே வரிசையில் அமரவேண்டும். சைவ உணவினர் சைவம் உண்ணலாம், அசைவ உணவினர் அசைவம் உண்ணலாம். கறி வேறாகலாம், வரிசை வேறாகலாகாது என்றோம்.

அகத்தியர் அருவியிலிருந்து படியேறிக் கல்யாண தீர்த்தத்தை அடைந்தபோது மாணவரின் பேச்சு தானாகவே அடங்கியது. மேலே காட்டின் பசுமை. கீழே பாறைகளுக்கிடையே நீர் ஒடுங்கிப் பாயும் ஓசை. நீர் தெளிந்து, அழகாக, எவரையும் அச்சுறுத்தாத தோற்றத்துடன் ஓடிற்று. அந்தத் தோற்றமே அதன் இடர் என்று நம் பழைய ஆசிரியரின் சொல்லை மாணவர்க்குச் சொன்னோம். பின்னர் ஐயரின் வாழ்வைச் சொன்னோம். இலண்டனையும் புதுச்சேரியையும் சொன்னோம். குறளையும் கம்பனையும் சொன்னோம். சேரன்மாதேவிப் பந்தியையும் விடாது சொன்னோம். இறுதியில் ஒரு தந்தை குதித்த கணத்தையும் சொன்னோம். ஒரு மாணவி எழுந்து, "ஒரு பிள்ளை விழுந்தபோது யோசிக்காமல் குதித்தவர், பந்தியில் மட்டும் ஏன் ஐயா அவ்வளவு யோசித்தார்?" என்று கேட்டார். நம் எம்.ஃபில். வாய்மொழித் தேர்வில்கூட இத்தகைய கேள்வியை நாம் எதிர்கொண்டதில்லை. அதற்கு நம்மிடம் விடையும் இல்லை. நாமும் அவ்வாறு யோசித்தவர்களே என்று மட்டும் கூறி, பதினோராண்டுக்கு முந்தைய நம் கதையை அவர்களிடம் சொன்னோம்.

நண்பகலில் அடிவாரத்து மரநிழலில் நீண்ட வரிசையாக அமர்ந்தோம். விரிப்பதற்குப் பத்தமடைப் பாய்களை வீட்டிலிருந்து கொண்டு சென்றிருந்தோம். ஒரு முனையில் நாம் அமர்ந்தோம். மாணவர் தொட்டுக்கொள்ளும் துவையலை ஒருவருக்கொருவர் கைமாற்றினர். ஓரிருவர் தயங்கியதைக் கண்டோம். இம்முறை கண்டும் காணாதது போல் இருக்கவில்லை. எழுந்து சென்று அவர்களுக்கு நடுவே அமர்ந்து உண்டோம். பேச்சு மெல்லத் தொடங்கியது. பின்னர்ச் சிரிப்பும் வந்தது. மாலையில் நாற்பத்தொரு பேரும் பேருந்தில் ஏறினர். ஒருவருக்கும் கால் நனையவில்லை. எண்ணிப் பார்த்து, மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தபின்னரே வண்டியை எடுக்கச் சொன்னோம்.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுள் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். பிள்ளைகளை ஆற்றுக்கும் மலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். அச்சத்தின் பொருட்டு அவர்களைச் சுவருக்குள் அடைத்து வைக்காதீர்கள். நீரின் தன்மையை முன்னரே அறிந்து, எல்லையை வகுத்து, ஒவ்வொரு தலையையும் எண்ணுங்கள். உண்ணும் வேளையில் யார் தனியே அமர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பார்த்தால் எழுந்து செல்லுங்கள். வ.வே.சு. ஐயர் என்னும் பேராசான் நாற்பத்து நான்கு ஆண்டுகளில் செய்துவிட்டுப்போன நற்பணியிலிருந்தும், செய்யாது விட்ட ஒன்றிலிருந்தும் நாம் கற்றுக்கொண்டது இதுவே.